மலைமுகட்டில் ஒரு நாள்: குடும்பத்தோடு நடக்கப் போகும் முன் நாம் கற்க வேண்டிய பாடம்



சேமிப்பு, உள்கடன், கறவை மாடு, சத்துணவு என்று மாதாமாதம் ஒரு பாடம் படித்து வருகிறோம். இந்த மாதப் பாடம் கொஞ்சம் வேறு மாதிரி. குடும்பத்தோடு ஒரு நாள் மலைப்பாதையில் நடந்து போய்விட்டுப் பத்திரமாக வீடு திரும்புவது எப்படி என்பதுதான் பாடம்.

"நமக்கெல்லாம் எதுக்குங்க மலை ஏறுறது? காட்டு வேலையே போதாதா?" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். மலை அடிவாரத்தில் இருக்கும் நாம் மலையைப் பார்க்காத நாள் கிடையாது. விறகுக்குப் போயிருக்கிறோம், கூலி வேலைக்குப் போயிருக்கிறோம், நேர்த்திக்கடன் செலுத்தப் போயிருக்கிறோம். ஆனால் சும்மா நடந்து, நின்று, பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவதற்கென்று போயிருக்கிறோமா? எங்கள் குழுவில் கை தூக்கச் சொன்னோம். ஒரு கை கூட உயரவில்லை.

அதனால் போனோம். போன இடத்தில் ஒரு தவறும் செய்தோம். அந்தத் தவறை மறைக்காமல் எழுத வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டதால்தான் இந்தப் பாடம் உங்கள் கைக்கு வருகிறது.

பணம் சேர்த்தது எப்படி?

முதல் தீர்மானமே இதுதான்: சுற்றுலாவுக்குக் கடன் கிடையாது. குழுச் சேமிப்பிலும் கை வைக்கக் கூடாது. தனியாக ஒரு உண்டியல். எட்டுக் குடும்பம் பெயர் கொடுத்தது. வாரம் 20 ரூபாய், 45 வாரம். குடும்பத்துக்கு 900 ரூபாய், மொத்தம் 7,200 ரூபாய். வேன் வாடகை, டீ, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் எல்லாம் போக 340 ரூபாய் மிச்சம் வந்தது. அதையும் கணக்கில் எழுதி வைத்தோம். சாப்பாடு அவரவர் வீட்டில் கட்டியது. பெண்கள் 10 பேர், ஆண்கள் 5 பேர், பிள்ளைகள் 11 பேர். மொத்தம் 26 பேர். இந்த 26 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

எந்தப் பாதை?

நாங்கள் பெரியகுளம் பக்கத்துக்காரர்கள். வாசலில் நின்று வடக்கே பார்த்தால் தெரிவது கொடைக்கானல் மலை. அங்கே வட்டக்கானல் என்ற சிற்றூர் இருக்கிறது. கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர். வட்டக்கானலில் இருந்து ஒரு நடைபாதை மலைமுகட்டை ஒட்டிக் கீழே இறங்குகிறது. கொஞ்ச தூரத்தில் 'டால்பின் மூக்கு' என்ற பாறை. டால்பின் என்பது கடலில் துள்ளும் ஒரு பெரிய உயிரினம். அதன் மூக்கைப் போலப் பாறை பள்ளத்தாக்குக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்பதால் அந்தப் பெயர்.

பாதை அந்தப் பாறையோடு முடிந்துவிடவில்லை. இன்னும் கீழே இறங்கி வெள்ளகவி என்ற ஊருக்குப் போகிறது. அங்கிருந்து மேலும் இறங்கினால் கும்பக்கரை, பெரியகுளம். இது இன்று நேற்றுப் போட்ட பாதை இல்லை. 1821-ஆம் ஆண்டு வார்டு என்ற வெள்ளைக்கார அதிகாரி வெள்ளகவியில் தங்கி, அங்கிருந்து மேலே ஏறித்தான் கொடைக்கானல் பகுதியை அளந்தார். 1845-இல் அமெரிக்க மிஷனரிமார் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். பஸ் ரோடு வருவதற்கு முன்னால் பெரியகுளம் பக்கமிருந்து மேலே போனவர்களுக்கு மலைப்பாதைகள்தான் வழி. நடக்க முடியாத துரைமார்களையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் நம் ஊர் ஆட்கள் டோலியிலும் நாற்காலியிலும் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நம் முப்பாட்டன்மார் தோள் தேய்ந்த மலை என்று சொன்னால் தப்பில்லை.

முதலில் அனுமதி

காட்டுப் பாதையில் நினைத்த இடத்துக்குப் போக முடியாது. தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு என்று 2018-இல் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கி, 40 மலைப்பாதைகளை அறிவித்தது. இதில் இணையத்தில் பதிவு செய்து, கட்டணம் கட்டி, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம்.

எங்களுக்கு அவ்வளவு தூரம் நடக்கும் எண்ணம் இல்லை. அதனால் வனத்துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டோம். "பாறை வரைக்கும் போகலாம். அதுக்குக் கீழே போக அனுமதி வேணும்" என்று சொன்னார்கள். எங்கள் எல்லை அந்தப் பாறைதான் என்று அன்றைக்கே முடிவு செய்தோம். மழை, மண்சரிவு, காட்டுத்தீ என்றால் திறந்திருக்கும் பாதையைக் கூட மூடிவிடுவார்கள். ஆகவே நீங்கள் எந்த மலைக்குப் போனாலும் கிளம்பும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியிலோ வாடகை வேனிலோ போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்ற முறை வந்தது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இது இல்லை. எங்கள் இ-பாஸை ஒரு உறுப்பினரின் மகள் செல்போனிலேயே எடுத்துக் கொடுத்தாள்.

எந்த மாதம்?

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. பாதை வழுக்கும், அட்டை கடிக்கும். மாசி தொடங்கிப் பங்குனி, சித்திரை வரை புல் காய்ந்து கிடக்கும். அது காட்டுத்தீக் காலம். நாங்கள் தை மாதம் போனோம். குளிர் அதிகம்தான், ஆனால் வானம் தெளிவாக இருக்கும்.

காட்டுத்தீ என்றதும் நம் தேனி மாவட்டத்துக் குரங்கணி ஞாபகத்துக்கு வராமல் போகாது. 2018 மார்ச் 11-ஆம் தேதி அங்கே மலையேறப் போனவர்கள் காய்ந்த புல்வெளியில் தீயில் சிக்கினார்கள். அன்றும் பிறகு மருத்துவமனையிலுமாக 23 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் இளம்பெண்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம்.

அடுப்பில் விறகைச் சாய்த்து வைத்தால் தீ மேல்நோக்கித்தானே வேகமாக ஏறும்? மலையிலும் அப்படித்தான். சரிவில் தீ மேலே ஏறும் வேகத்துக்கு மனுசனால் ஓட முடியாது. அதனால் தூரத்தில் புகையைப் பார்த்த உடனேயே, 'பார்ப்போம்' என்று நிற்காமல், அது வரும் பக்கத்தை விட்டு விலகி இறங்க வேண்டும். தீக்கு மேலே இருக்கும் சரிவில் ஏறி ஓடக் கூடாது. காய்ந்த புல்லுக்குள் ஒளியக் கூடாது. வெறும் பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து அணைந்த இடம் இவைதான் ஓரளவு காப்பாற்றும். எல்லாவற்றையும் விட நல்லது, அந்த மாதங்களில் போகாமல் இருப்பது. நாம் அடுப்பு மூட்டக் கூடாது, கூட வரும் ஆண்கள் பீடி, சிகரெட் பற்ற வைக்கக் கூடாது. இதைப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். மலையில் வைத்துச் சொன்னால் சண்டைதான் வரும்.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துப் போவது?

பெரியகுளத்துக்கும் கொடைக்கானலுக்கும் உயரத்தில் சுமார் 1,800 மீட்டர் வித்தியாசம். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஏழு டிகிரி குறையும். அப்படியானால் கீழே புழுங்கும்போதே மேலே 11, 12 டிகிரி குறைவாக இருக்கும். ஸ்வெட்டர், தலைக்குத் துண்டு ஒவ்வொருவருக்கும் வேண்டும்.

சேலையா, சுடிதாரா என்று ஒரு மாதம் பேசினோம். "இந்த வயசுல சுடிதார் போட்டா ஊர்ல என்ன பேசுவாங்க?" என்று தயங்கியவர்கள் நாலு பேர். கடைசியில் ஆறு பேர் சுடிதார், மூணு பேர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்கள், ஒரு மதினி கணவரின் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு வந்தார். ஊரில் ஒன்றும் பேசவில்லை. பேசினாலும் வேன் கிளம்பிவிட்டது.

செருப்பில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ரப்பர் செருப்பு மலைக்கு ஆகாது. வேர்களும் ஈரக் கல்லும் நிறைந்த பாதை அது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கேன்வாஸ் ஷூ போதும். இல்லையென்றால் பின்பக்கம் வார் உள்ள செருப்பு.

ஒரு குடும்பத்தின் பையில் இருக்க வேண்டியவை:

1. பெரியவருக்கு 2 லிட்டர், பிள்ளைக்கு 1 லிட்டர் தண்ணீர். எவர்சில்வர் பாட்டிலிலோ கேனிலோ கொண்டு போங்கள். கொடைக்கானலில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு.
2. எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம் மாதிரி கெடாத சாப்பாடு. கடலை மிட்டாய், வாழைப்பழம்.
3. உப்பு, சர்க்கரை. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு சிறிய கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. வாந்தி, பேதி, மயக்கம் வந்தால் இந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.
4. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, மூச்சிரைப்பு இருப்பவர்களின் மாத்திரையும் மருந்தும். யாருக்கு என்ன நோய் என்று கூட வரும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.
5. சுத்தமான துணி, பஞ்சு, சுற்றுத்துணி, டார்ச் லைட், ஒரு விசில்.
6. மாதவிலக்குத் துணி அல்லது நாப்கின், கூடவே ஒரு பை. பாதையில் கழிப்பறை கிடையாது. பயன்படுத்தியதைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் நடந்து மயங்கி விழுவதுதான் ஆபத்து.

கர்ப்பிணிகள், நெஞ்சுவலி உள்ளவர்கள், மூட்டு தேய்ந்தவர்கள் இந்த மாதிரி பாதைக்கு வர வேண்டாம். அவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போக மனசில்லை என்றால் கொடைக்கானலில் சமமான நடைபாதைகள் இருக்கின்றன. அங்கே சேர்ந்து நடக்கலாம்.

இறக்கம் கடன், ஏற்றம் வட்டி

மற்ற மலைகளில் முதலில் ஏறுவோம், பிறகு இறங்குவோம். வட்டக்கானல் பாதை தலைகீழ். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். இறங்கும்போது சிரிப்பும் பாட்டுமாகக் கால் தானாக ஓடும். கடன் வாங்கும் நாள் மாதிரி சுலபமாக இருக்கும். திரும்பி ஏறும்போதுதான் அசலும் வட்டியும் சேர்ந்து நிற்கும். ஒரு மணி நேரம் இறங்கினால் ஏறுவதற்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். நம் கூட்டத்தில் வேகமாக நடப்பவர் கணக்குக்கு உதவ மாட்டார். மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய வேகம்தான் எல்லாருடைய வேகம்.

அதனால் 'திரும்பும் நேரம்' என்று ஒன்றை வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டும். நாங்கள் பகல் 1 மணி என்று வைத்தோம். எங்கே நின்றாலும், பார்க்க வேண்டியதைப் பார்க்காவிட்டாலும், 1 மணிக்குத் திரும்ப வேண்டும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி வரும். தை மாதம் மாலை 6 மணியைத் தாண்டியதும் சூரியன் விழுந்துவிடும், மரங்களுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும்.

எங்கள் தவறு

விடியற்காலம் 5 மணிக்குக் கிளம்ப வேண்டிய வேன் ஒரு குடும்பத்துக்காகக் காத்திருந்து 6.30-க்குக் கிளம்பியது. காட்ரோடு வழியாக மலை ஏறி, இடையில் டீ குடித்து, வட்டக்கானல் சேர்ந்தபோது மணி 10.30. இறங்கத் தொடங்கினோம். சோலை மரங்கள், பாசி பிடித்த வேர்கள், இடையிடையே திறந்த வெளி. பிள்ளைகள் கால் தரையில் படவில்லை. பாறைக்குப் போனபோது 12 மணி.

வானம் சுத்தமாக இருந்தது. கீழே நம் பக்கத்துச் சமவெளி விரித்த சேலை மாதிரிக் கிடந்தது. "நம்ம கண்மாய் எங்க?" என்று ஆளாளுக்கு ஒரு பக்கம் கை காட்டினோம். பாறை விளிம்புக்கு யாரையும் விடவில்லை. போட்டோவுக்காக விளிம்பில் நிற்பது, பின்னால் நகர்வது எல்லாம் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தோம். அதைக் கேட்டார்கள்.

சாப்பிட்டு முடித்தபோது 1 மணி. வாலிபப் பையன்கள் இரண்டு பேர், "இவ்வளவு தூரம் வந்துட்டு வெள்ளகவியைப் பார்க்காமப் போறதா? ஒரு எட்டு போயிட்டு வந்துடுறோம்" என்றார்கள். ஒரு உறுப்பினரின் கணவரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். அனுமதி இல்லை, நேரமும் இல்லை என்று சொன்னோம். வாக்குவாதத்தில் அரை மணி நேரம் போனது. அதற்குள் மஞ்சு ஏறி வந்து எதிரில் நிற்கிறவர் முகம் கூட மங்கிவிட்டது. அவசர அவசரமாகப் பைகளை எடுத்துக்கொண்டு ஏறத் தொடங்கினோம்.

இருபது நிமிடம் ஏறிய பிறகு ஒரு சமதளத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். அப்போதுதான் ஒரு அக்கா எண்ணினார். 25. மறுபடி எண்ணினார். 25.

காணாதது ஒன்பது வயதுப் பையன். அப்பாவோடு வருகிறான் என்று அம்மா நினைத்தார். அம்மாவோடு போகிறான் என்று அப்பா நினைத்தார். இரண்டு பேர் பொறுப்பு என்று விட்டால் அது யார் பொறுப்பும் இல்லாமல் போய்விடும் என்று கடன் வசூலில் நாமே எத்தனை முறை பேசியிருக்கிறோம்! மலையில் அதை மறந்துவிட்டோம்.

அந்தத் தாய் கீழே ஓடப் பார்த்தார். இரண்டு பேர் பிடித்து நிறுத்தினோம். எல்லாரும் ஓடினால் எல்லாரும் சிதறிவிடுவோம். இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் வந்த வழியே இறங்கினார்கள். மற்றவர்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்து குரல் கொடுத்தோம். விசில் எடுத்து வரவில்லை. மேலே பட்டியலில் விசில் என்று எழுதியிருக்கிறோமே, அது அன்றைக்குக் கற்றது. மஞ்சுக்குள் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியவில்லை.

அரை மணி நேரம் ஆனது. வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரை மணி நேரத்தை நாங்கள் பார்த்ததில்லை.

பிறகு மஞ்சுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தார். தலையில் சுமை. ஒரு கை சுமையில், இன்னொரு கையில் எங்கள் பையன். பின்னால் தேடப் போன மூன்று பேரும் வந்தார்கள். பாறையில் விட்டுவிட்டு வந்த தொப்பியை எடுக்க ஓடியவன், திரும்பும்போது வழி மாறி வெள்ளகவிப் பக்கம் இறங்கிவிட்டான். பயந்துபோய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். வெள்ளகவியிலிருந்து சுமையோடு ஏறி வந்த அந்தப் பெண் கண்ணில் பட்டான்.

"நல்லவேளை, ஒரு இடத்துல உட்கார்ந்துட்டான் தாயி. நடந்துக்கிட்டே இருந்திருந்தா எந்த ஓடையில இறங்கியிருப்பானோ" என்றார் அவர்.

அவர் சொன்னது

சுமையை இறக்கி வைத்து எங்களோடு உட்கார்ந்தார். மீதி இருந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டார். நாங்கள் மகளிர் குழு என்றதும், "மாசம் எவ்வளவு கட்டுறீங்க? வட்டி என்ன?" என்று கேட்டார். குழுப் பெண்கள் எங்கே சந்தித்தாலும் முதல் கேள்வி அதுதானே!

"உங்களுக்கு இது வேடிக்கை பார்க்க வந்த வழி. எங்களுக்குச் சந்தைக்குப் போற வழியும் இதுதான், ஆஸ்பத்திரிக்குப் போற வழியும் இதுதான். என் மூத்தவளுக்கு இடுப்பு வலி கண்டப்ப என்னை டோலி கட்டி இதுலதான் தூக்கிட்டு வந்தாங்க. ஒவ்வொரு வளைவுலயும் தோள் மாத்தினாங்க. இந்த இடத்துலதான் இறக்கி வச்சு மூச்சு வாங்கினாங்க" என்று நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டினார்.

ஒருவரும் பேசவில்லை. வெள்ளகவி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாலை இல்லாமல் வாழ்ந்தவர்கள். விளைந்த காப்பியும் பழமும் தலைச்சுமையிலும் குதிரை முதுகிலும்தான் மேலே வந்தன. ஊர் முழுவதும் கோயில்கள் இருப்பதால் ஊர் எல்லைக்குள் செருப்புப் போடுவதில்லை என்ற வழக்கத்தையும் அவர் சொன்னார். வெளியாளும் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டுமாம். அன்றைக்கு எங்கள் பையன்கள் அனுமதி இல்லாமல், இது எதுவும் தெரியாமல் அந்த ஊருக்குள் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

எழுந்து சுமையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறினார். எங்களால் அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. நாங்கள் மேலே வந்து சேர்ந்தபோது மணி 4.45. வேனில் ஏறும் முன் மூன்று முறை எண்ணினோம். 26.

இனி நாம் செய்ய வேண்டியது

ஊர் திரும்பிய வாரமே கூட்டத்தில் உட்கார்ந்து ஐந்து விதி எழுதினோம். உங்கள் குழுவும் எழுதிக்கொள்ளலாம்.

ஒன்று: முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். முன்னால் போகிறவரைத் தாண்டி யாரும் போகக் கூடாது. கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

இரண்டு: ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். 'நாம பார்த்துக்கலாம்' என்ற பேச்சே கூடாது.

மூன்று: கிளம்பும்போது, நிற்கும்போது, திரும்பும்போது எண்ண வேண்டும். எண்ணாமல் ஒரு அடி வைக்கக் கூடாது.

நான்கு: பிள்ளைகளுக்கு முன்பே சொல்லித் தர வேண்டும். வழி தவறினால் நடக்காதே. இருந்த இடத்திலேயே உட்கார். மூன்று முறை விசில் அடி, கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று முறை அடி.

ஐந்து: திரும்பும் நேரம் வந்தால் வாக்குவாதம் கிடையாது. பாதியில் திரும்புவது அவமானம் இல்லை. மலை அங்கேயேதான் இருக்கும்.

ஊரில் ஒருவரிடம் எங்கே போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டும் போக வேண்டும். பள்ளத்தாக்கில் செல்போன் பல இடத்தில் எடுக்காது.

இன்னும் சில ஆபத்துகள்

இடி இடித்தால் முகட்டிலும் திறந்த பாறையிலும் நிற்காதீர்கள். தனி மரத்தடியிலும் ஒதுங்காதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் ஆபத்து பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். உடனே தாழ்வான இடத்துக்கு இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுத்திருங்கள்.

கொடைக்கானல் பக்கம் காட்டுமாடு சாதாரணமாக வரும். நம் வீட்டு மாடு மாதிரி நினைத்துக் கிட்டே போகக் கூடாது. கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகவே கூடாது. சத்தம் போடாமல் பின்வாங்கி வழி விடுங்கள்.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

மலைக்கும் நமக்கும் உள்ள கணக்கு

கொடைக்கானல் மலையின் சோலைக் காடு பஞ்சு மாதிரி. மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுகிறது. பெரியகுளத்துக்குக் குடிநீர் மலைமேல் இருக்கும் பேரிஜம் ஏரியிலிருந்து வருகிறது. கும்பக்கரையில் நாம் குளிக்கும் அருவியும் இந்த மலைத் தண்ணீர்தான். மேலே ஒரு பிளாஸ்டிக் பையை வீசினால் அது என்றைக்காவது நம் குடத்துக்குத்தான் வரும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. தடைக்காக மட்டும் இல்லாமல் நம் தண்ணீருக்காக, கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

இதே மலைகளில்தான் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கிறது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. எங்கள் உண்டியலில் இப்போதே 340 ரூபாய் இருக்கிறது. அன்றைக்குக் காணாமல் போன பையனின் அம்மாதான் அடுத்த பயணத்துக்கு முதல் பெயர் கொடுத்தவர். "இனிமே போகவே மாட்டேன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சோம்" என்றோம். "அந்தப் பாறையில உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரம், யாரும் என்னைக் கூப்பிடலை, யாருக்கும் நான் சோறு போடலை. அது மறுபடி வேணும். ஆனா இந்தத் தடவை எண்ணுற வேலை எனக்கு" என்றார்.

கூட்டத்தில் கலந்து பேச

1. நம் குழுவில் இதுவரை குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போனவர்கள் எத்தனை பேர்? போகாததற்குக் காரணம் பணமா, நேரமா, பயமா, 'என்ன சொல்வாங்களோ' என்பதா?
2. நம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மலைப்பாதைக்குப் போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? கேட்டு வரும் பொறுப்பு யாருக்கு?
3. வாரம் எவ்வளவு தனியாகச் சேர்க்க முடியும்? எத்தனை வாரம்?
4. நம் ஊரிலோ பக்கத்து ஊரிலோ சாலை இல்லாமல் பிரசவத்துக்குத் தூக்கிக்கொண்டு வரும் நிலை இருக்கிறதா? அதைக் கிராம சபையில் சொல்லியிருக்கிறோமா?

நான்காவது கேள்விக்கு 'இருக்கிறது' என்று பதில் வந்தால், சுற்றுலாவைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் அதற்குத் தீர்மானம் போடுங்கள். உங்கள் பதில்களை எழுதி உங்கள் பிரதிநிதி மூலம் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் பேசுவோம்.